நோயாளியைப் பார்க்காத சோதனை

"முன்கூட்டியே பார்த்துவிட்டால் என்ன கெட்டுவிடும்?" என்று கேட்கிறார்கள், 'முழு இதயப் பரிசோதனை'த் திட்டங்களை விற்பவர்கள். கெடும் என்பதே என் வாதம்.

என் துறைத் தோழி ஒருவருக்கு வயது 41. நெஞ்சுவலி இல்லை, சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இல்லை. தள்ளுபடி விலை என்று போனவரை ஓர் இதயநோய் மருத்துவமனையில் டிரெட்மில்லில் நடக்கவிட்டார்கள். அறிக்கை 'பாசிட்டிவ்' என்றது. ஆஞ்சியோகிராம் முடியும்வரை நான்கு இரவுகள் அவர் உறங்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் மகளுக்காக வங்கிக் கணக்கு விவரங்களை எழுதிவைத்தார். கடைசியில் அடைப்பு ஏதுமில்லை.

பிழை இயந்திரத்தினுடையது அன்று. இச்சோதனை, இதயத் தமனியில் அடைப்புள்ள நூறு பேரில் ஏறத்தாழ 68 பேரை இனங்காணும். அடைப்பில்லாத நூறு பேரில் ஏறத்தாழ 23 பேரையும் தவறாகச் சுட்டும். என் தோழியைப் போன்ற ஆயிரம் பேரில் இருபது பேருக்கு அடைப்பு இருப்பதாகக் கொள்வோம். 'பாசிட்டிவ்' ஆகிறவர்கள் 239 பேர்; அவர்களுள் உண்மையில் அடைப்புள்ளவர்கள் 14 பேரே! படியேறினால் நெஞ்சு இறுகுகிற, புகைப்பழக்கமுள்ள அறுபது வயதினரிடம் இக்கணக்கு தலைகீழாகிவிடும்.

ஒரு சொல்லின் பொருளை இடம் நோக்கிக் கொள்ள வேண்டும் என்று வகுப்பில் கற்பிக்கிறோம். சோதனை முடிவும் ஒரு சொல்தான். அதன் இடம் நோயாளி. நோயாளியின் நிலை, நோயின் தன்மை, காலம் ஆகியவற்றை எடைபோட்ட பின்னரே மருத்துவர் செயலில் இறங்கவேண்டும் என்கிறது குறளின் 'மருந்து' அதிகாரம். அதைச் சட்டமிட்டு வரவேற்பறையில் மாட்டியவர்கள்தாம், என் தோழியிடம் ஒரு கேள்வியும் கேளாமல் இயந்திரத்தில் ஏற்றினார்கள்.

மாரடைப்பு அறிவிப்பின்றி வருகிறதே என்பார்கள். உண்மை. ஆனால் பல மாரடைப்புகள், அதுவரை தமனியைப் பெரிதாக அடைத்திராத கொழுப்புப் படிவு வெடிப்பதால் நேர்கின்றன. அவற்றை டிரெட்மில் முன்னறிவதில்லை. அறிகுறியற்ற, ஆபத்துக் குறைந்தவர்களுக்கு இசிஜி வழித் தேடல் வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்புநலப் பணிக்குழு 2018-இல் பரிந்துரைத்ததையும் நினைவூட்டுகிறேன். இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றை அளப்பதும் புகையை விடச்செய்வதும் மலிவானவை. ஆகவே அவற்றுக்கு விளம்பரப் பலகை இல்லை.

நெஞ்சு அழுத்தி, வியர்த்து, வலி கைக்கோ தாடைக்கோ பரவினால் இக்கட்டுரையை மறந்துவிட்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். மற்றபடி, சோதனைக்குப் பணம் கட்டுமுன் மருத்துவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இதன் முடிவு என் சிகிச்சையில் எதை மாற்றும்?" விடை வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.