பயிற்சிக்கு யார் பணம் கொடுப்பது?

பஞ்சாலைத் தொழிலாளியின் மகளும் விவசாயக் கூலியின் மகனும் பட்டம் வாங்கிவிட்டு வேலையின்றி வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். வேலை தேடும் இந்தப் பிள்ளைகளுக்கு வலை விரிக்கும் விளம்பரங்களில் ஒன்று "மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன்". ஆறே மாதப் பயிற்சி, கையோடு வேலை, ஏ.சி. அறையில் உட்கார்ந்த இடத்தில் சம்பளம் என்று ஆசை காட்டுகிறார்கள். கட்டணமோ ஆயிரக் கணக்கில். அதைக் கட்ட அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போகிறது. இல்லாவிட்டால் குழுக் கடன் வாங்கப்படுகிறது. வேலை கிடைத்ததோ இல்லையோ, வாரத் தவணை மட்டும் தவறாமல் வந்து கதவைத் தட்டுகிறது!

வேலை இன்னதென்று முதலில் தெரிந்துகொள்வோம். அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும், கண்ட நோயையும் கொடுத்த மருந்தையும் வாயால் சொல்லிப் பதிவு செய்வது வழக்கம். அந்தக் குரல் இன்டர்நெட் வழியாகச் சென்னைக்கோ கோவைக்கோ வந்து சேர்கிறது. இங்கே ஒருவர் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, தையல் மிஷினை மிதிப்பதுபோல் காலடியில் ஒரு பெடலை மிதித்து, குரலை ஓட்டியும் நிறுத்தியும் பின்னால் இழுத்தும் கேட்டு டைப் அடிக்கிறார். நியூயார்க்கில் மாலை 6 மணி என்றால் நமக்கு மறுநாள் அதிகாலை. டாக்டர் தூங்கி எழுவதற்குள் அறிக்கை தயாராகிவிடும். அவசர அறிக்கைகளுக்கு இரவு ஷிப்டும் உண்டு. 1990-களின் பிற்பகுதியில் இந்த வேலை பெருமளவில் இந்தியாவுக்கு வந்ததற்குக் காரணம் இந்த நேர வித்தியாசம் மட்டுமல்ல. அங்கே கூலி அதிகம், இங்கே குறைவு என்பதுதான் பெரிய காரணம்.

இது சும்மா டைப் அடிக்கும் வேலை என்று எண்ணிவிடக் கூடாது. ஹைப்பர்டென்ஷன் என்றால் ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது. ஹைப்போடென்ஷன் என்றால் குறைந்திருக்கிறது. வேகமாகப் பேசும் டாக்டரின் வாயில் இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 2008-ல் நீரிழிவு நோயாளியான ஒரு பெண்மணி இறந்துபோனார். இன்சுலின் 8 யூனிட் என்று டாக்டர் சொன்னது அறிக்கையில் 80 யூனிட் என்று ஆகிவிட்டது. அந்த அளவையே அவருக்குக் கொடுத்துவிட்டார்கள். டைப் அடிக்கும் வேலை இந்தியாவுக்குக் குத்தகை விடப்பட்டிருந்தது. 2012-ல் ஜூரி விதித்த இழப்பீடு 14 கோடி டாலர். ஒரு சைபர், ஓர் உயிர்!

அதனால்தான் இந்தத் தொழிலின் முதல் பாடம், காதில் சரியாக விழாத இடத்தை ஊகித்து நிரப்பாதே, வெற்றிடமாக விட்டு மேலே அனுப்பு என்பது. எந்தப் பயிற்சி நிலையத்தில் இதை முதல் நாளே சொல்லித் தருகிறார்களோ, அங்கே தொழில் தெரிந்தவர் யாரோ இருக்கிறார் என்று கொள்ளலாம். மருத்துவச் சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யவைத்து, பரீட்சை நடத்தி, கலர் சர்ட்டிபிகேட் கொடுத்து அனுப்பும் இடங்களும் இருக்கின்றன. அந்தச் சர்ட்டிபிகேட்டைக் கம்பெனிக்காரன் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். ஹெட்போனைக் கொடுத்து, "இதைக் கேட்டு அடி" என்பான். கையும் காதும் பழகியிருந்தால் வேலை, இல்லாவிட்டால் வீடு.

ஆகவே பணம் கட்டும் முன் ஒருநாள் வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். பாடம் நடத்துபவர் இந்த வேலையைத் தானே செய்தவரா என்று விசாரியுங்கள். டாக்டர் பேசுவதுபோன்ற பதிவுகளை மாணவர் தினமும் எத்தனை மணி நேரம் கேட்டு அடிக்கிறார் என்பதுதான் உரைகல். அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் வெள்ளைக்காரர் மட்டுமா பேசுகிறார்கள்? இந்தியரும் பிலிப்பைன்ஸ்காரரும் அரபு நாட்டாரும் அங்கே டாக்டர்கள். அத்தனை உச்சரிப்பும் காதுக்குப் பழக வேண்டும். போன வருடம் படித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேட்டு, அவர்களில் இரண்டு மூன்று பேரை நேரில் பார்த்துப் பேசுங்கள். சுவரில் மாட்டியிருக்கும் போட்டோக்கள் சாட்சி சொல்லாது.

விரல் வேகத்துக்கு இந்த நிலையங்களில் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை. நம் ஊர் டைப் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்து அரசாங்கத்தின் லோயர், ஹையர் தேர்வு எழுதினாலே போதும். அந்தத் தகுதி வேறு வேலைக்கும் உதவும். தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைகள் மிரள வேண்டாம். ஆங்கிலத்தைப் பேசிக் கிழிக்கும் வேலையல்ல இது; காது கொடுத்துக் கேட்கும் வேலை. காதைப் பழக்க ஆங்கில வானொலிச் செய்தி போதும். அதற்குக் கட்டணம் கிடையாது.

இப்போது பணத்துக்கு வருவோம். தங்களுக்கு வேண்டிய ஆளைத் தயார் செய்ய ஆகும் செலவைக் கம்பெனிகள் ஏன் ஏழையின் தலையில் கட்டுகின்றன? தொழில் பழகுநர் சட்டம் 1961-ல் வந்தது. பழகுநராக எடுத்துக்கொண்ட ஆளுக்கு முதலாளிதான் உதவித்தொகை கொடுக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். இங்கோ பழகுநர் முதலாளிக்குப் படியளக்கிறார்! "பயிற்சி" என்ற சொல்லுக்குள் என்னென்ன ஒளிந்திருக்கும் என்பது பஞ்சாலைத் தோழர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சுமங்கலித் திட்டம் என்று பேர் வைத்து மூன்று வருடம் நம் பெண்களை விடுதியில் அடைத்து வேலை வாங்கியதும் பயிற்சி என்ற பெயரால்தானே? தனியாகக் கட்டணம் கேட்கும் நிலையத்தைவிட, குறைந்த உதவித்தொகையாவது கொடுத்துத் தானே பழக்கும் கம்பெனியே மேல் என்பது நம் திடமான அபிப்பிராயம். அப்படி ஒன்று அகப்படாவிட்டால், கடன் வாங்காமல் கட்டக்கூடிய அளவுக்கு மேல் ஒரு பைசாவும் கட்ட வேண்டாம்.

கூலி எப்படி வருகிறது? பெரும்பாலும் வரிக் கணக்கு. வரி என்றால் காகிதத்தில் தெரியும் வரியல்ல. எழுத்துகளையும் இடைவெளிகளையும் எண்ணி 65 சேர்ந்தால் ஒரு வரி. பீடி சுற்றும் சகோதரிகளுக்கு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று இருக்கிறதே, அதே பீஸ் ரேட்தான். வரிக்கு 50 பைசா என்றே வைத்துக்கொள்வோம். பழகாத கை நாளெல்லாம் அடித்து 300 வரி முடித்தால் 150 ரூபாய்! அதிலும் நூற்றுக்கு 98 பங்கு பிழையில்லாமல் இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் வழக்கம், தவறினால் பிடித்தம். டாக்டர் வாய்க்குள் முணுமுணுத்தால் அதற்கும் அபராதம் அடிப்பவர்தான் கட்டுகிறார். கற்றுக்கொள்ளும் மாதங்களில் வரிக் கணக்கை மட்டும் நம்பிச் சேராதீர்கள். முதல் ஆறு மாதமாவது நிலைச் சம்பளம் உண்டா என்று கேளுங்கள்.

கூலி வழியில் எங்கே கரைகிறது என்பதற்கு 2003-ல் ஓர் உதாரணம் வெளிச்சத்துக்கு வந்தது. சான்பிரான்சிஸ்கோவில் பல்கலைக்கழக மருத்துவமனை ஒன்று இந்த வேலையைக் கலிபோர்னியாக் கம்பெனியிடம் கொடுத்தது. அது புளோரிடாவுக்கு உள்குத்தகை போயிற்று, அங்கிருந்து டெக்சாஸ், கடைசியில் பாகிஸ்தானில் கராச்சி. ஒவ்வொரு படியிலும் ஒருவர் தம் பங்கை எடுத்துக்கொண்டார். கராச்சியில் டைப் அடித்த பெண்ணுக்குக் கூலி பாக்கி விழுந்தது. பாக்கி வராவிட்டால் நோயாளிகளின் விவரங்களை இன்டர்நெட்டில் போட்டுவிடுவேன் என்று அவர் மருத்துவமனைக்கே எழுதினார். நோயாளியின் ரகசியத்தைப் பணயம் வைத்தது தவறுதான், அதை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் தன் வேலையைக் கடைசியில் யார் செய்கிறார் என்றே அந்த மருத்துவமனைக்குத் தெரியாமல் இருந்ததே! கட்டட வேலையில் மேஸ்திரிக்குக் கீழே மேஸ்திரி இருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். வீட்டிலிருந்தே செய்யலாம் என்று வரும் வேலைகளில் இந்த ஆபத்து அதிகம். மூல ஒப்பந்தம் யார் கையில் என்று தெரியாத இடத்தில் போய் விழ வேண்டாம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆட்டோகோனர் வந்த பிறகு வைண்டிங்கில் எத்தனை பேர் மிஞ்சினார்கள்? அறுப்பு மிஷின் வயலில் இறங்கிய பிறகு அறுப்புக் கூலி எத்தனை நாள் கிடைக்கிறது? டாக்டரின் பேச்சைத் தானே எழுதும் மிஷின் இங்கேயும் வந்துவிட்டது. அப்படிப்பட்ட மிஷின் செய்வதில் பெயர்பெற்ற நுவான்ஸ் கம்பெனியை 2022-ல் மைக்ரோசாப்ட் விலைக்கு வாங்கிவிட்டது. மிஷின் எழுதியதைக் கேட்டுத் திருத்துவதுதான் இப்போது பல இடங்களில் வேலை. திருத்தும் வரிக்குக் கூலி, அடிக்கும் வரியைவிடக் குறைவு. ஆனால் அந்த மிஷினும் தவறு செய்கிறது. இத்தகைய மென்பொருள் ஒன்று, யாருமே சொல்லாத வாக்கியங்களைத் தானாக இட்டுக்கட்டி எழுதுகிறது என்று 2024-ல் ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். ஆகவே மனிதக் காது தேவையில்லாமல் போய்விடவில்லை. ஆனால் முன்போல் கும்பல் கும்பலாக ஆள் எடுக்கும் காலம் முடிந்துவிட்டது. "நூற்றுக்கு நூறு வேலை உத்தரவாதம்" என்பவன் பொய் சொல்கிறான். பல நிலையங்கள் இப்போது "மெடிக்கல் கோடிங்" என்று போர்டை மாற்றிக்கொண்டுவிட்டன. போர்டுதான் மாறியது, மேலே சொன்ன கேள்விகளை அங்கேயும் கேட்கலாம்.

முதல் வேலை கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அசல் சர்ட்டிபிகேட்டை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். காட்டலாம், நகல் கொடுக்கலாம். இரண்டு வருடத்துக்குள் விலகினால் இவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்று பாண்டு நீட்டினால், படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமானால் பி.எப். பிடித்தாக வேண்டும், முதலாளியும் தன் பங்கைக் கட்டியாக வேண்டும். இரவு ஷிப்டுக்குப் பெண்பிள்ளைகளை அழைத்துப் போய் வீட்டில் கொண்டுவந்து விட வண்டி உண்டா என்று, சேரும் அன்றைக்கே அப்பாவோ அண்ணனோ கூடப் போய்க் கேட்பதில் வெட்கம் எதுவுமில்லை.

நான்கணா நோட்டு என்று ஒருகாலத்தில் சொல்வோமே, அப்படி ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தைப் பையில் போட்டு அனுப்புங்கள். அன்றன்று அடித்த வரி எத்தனை, திருத்திய வரி எத்தனை, பிழை என்று தள்ளியது எத்தனை என்று பிள்ளை தன் கையால் எழுதி வரட்டும். மாதக் கடைசியில் சம்பளச் சீட்டை அந்த நோட்டோடு வைத்துக் கூட்டிப் பார்க்க வேண்டும். கணக்கு உதைத்தால் அன்றைக்கே போய்க் கேட்க வேண்டும். பக்கத்து நாற்காலியில் இருப்பவருடைய நோட்டையும் சேர்த்துக்கொண்டு இரண்டு பேராகப் போய்க் கேட்க வேண்டும்.