எண்ணிக்கை யாருக்குச் சொந்தம்?



பங்குக் கோவிலில் ஞானஸ்நானப் பதிவேடும் மரணப் பதிவேடும் உண்டென்பதை அறிவீர்கள். அத்தகைய பதிவுகளின் மொத்தக் கணக்கு மக்கள் கைக்கு வந்தால் என்ன நன்மை விளையும்? இம்மாதம் அதைச் சிந்திப்போம்.

பதினேழாம் நூற்றாண்டில் இலண்டன் மாநகரின் பங்குகளில், ஒவ்வொரு வாரமும் இறந்தோர் எத்தனை பேர், ஞானஸ்நானம் பெற்றோர் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தனர். பங்கு எழுத்தர்கள் செவ்வாய் இரவு கணக்கை ஒப்படைப்பர், புதனன்று அச்சாகும், வியாழனன்று வீடுகளுக்குச் சேரும். ஆண்டுச் சந்தா 4 ஷில்லிங். வாங்கியோரில் பலர், கொள்ளைநோய் பெருகுகிறதா என்று பார்ப்பதோடு சரி.

ஜான் கிராண்ட் என்னும் துணிமணி வியாபாரி அவ்வாறு விட்டுவிடவில்லை. பல்கலைக்கழகம் காணாத அவர், பல்லாண்டுத் தாள்களைத் திரட்டி ஆராய்ந்து, 1662-ல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். பிறக்கும் 100 குழந்தைகளில் 36 ஆறு வயதுக்குள் இறப்பதாக அதில் மதிப்பிட்டார். மக்கள்தொகை ஆராய்ச்சிக்கு அந்நூலே வித்தாயிற்று. பிற்காலத்தில் அவர் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். கணக்கு அலுவலகப் பெட்டியிலேயே பூட்டிக் கிடந்திருந்தால், ஒரு கடைக்காரர் கண்ணுக்கு அது எட்டியிருக்குமா?

நம் நாட்டுக் குடிமதிப்பும் இத்தகைய நன்மையைச் செய்துள்ளது. ஆறு வயது வரையுள்ள ஆண் குழந்தைகள் 1000 பேருக்கு, 1961-ல் பெண் குழந்தைகள் 976 பேர் இருந்தனர். அத்தொகை 2001-ல் 927 ஆகவும், 2011-ல் 919 ஆகவும் சரிந்தது. கருவிலேயே பெண்ணென்று கண்டு அழித்ததும், பிறந்த பின் புறக்கணித்ததுமே இதற்குப் பெருங்காரணம். ஒரு வீட்டில் நடந்தது அவ்வீட்டின் இரகசியமாக இருந்தது. கோடிக்கணக்கான வீடுகளின் தொகை வெளியானபோதோ, அது நாட்டின் பாவம் என்று தெரிந்தது. கருவின் பாலினத்தை வெளியிடுவதைத் தடுக்க 1994-ல் இயற்றிய சட்டம், 2003-ல் மேலும் கடுமையாக்கப்பட்டது.

“வீட்டுச் செய்தியை ஊருக்குச் சொல்வதா?” என்று சிலர் தயங்குவர். தயக்கம் நியாயமே. அதனால்தான் 1948-ஆம் ஆண்டின் குடிமதிப்புச் சட்டம், தனியொருவர் கூறிய விவரத்தை மறைவாகக் காக்கிறது. வழக்குமன்றத்திலும் அதைச் சாட்சியமாகக் காட்ட இயலாது. தொகை பொதுவுடைமை, பெயரோ வீட்டாருக்கே உரியது. இவ்விரண்டும் காக்கப்பட்டால்தான் மக்கள் உண்மை சொல்வர். உண்மை சொன்னால்தான் தொகைக்கு மதிப்பு.

2021-ல் நடக்கவேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027-ஆம் ஆண்டுக்கென அறிவிக்கப்பட்டது. கணக்கெடுப்பவருக்கு உள்ளதை உள்ளபடி கூறுங்கள். அத்துடன் கடமை முடிந்ததென எண்ணாதீர்கள். தொகைகள் ஊர்வாரியாக வெளியாகும்போது, உங்கள் ஊரின் வரியைத் தேடி வாசியுங்கள். அங்கே பெண் குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்திருந்தால், எங்கே அவர்கள் என்று கேளுங்கள்.