லேப்டாப் சார்ஜ் ஏறலையா? உடனே பேட்டரியை மாத்தாதீங்க

காய்ச்சல்னு வர்றவருக்குத் தொட்டுக்கூடப் பார்க்காம ஆன்டிபயாட்டிக் எழுதினா டாக்டரைத் திட்டுறீங்க. நியாயம்தான். அதே நீங்க, சர்வீஸ் கடைக்காரர் லேப்டாப்பைத் திறக்காமலே "பேட்டரி போச்சு சார்"னு சொன்னதும் பணத்தை நீட்டுறீங்களே, ஏன்?

நானும் நீட்டியிருக்கேன். புது பேட்டரி போட்டும் அதே 80 சதவீதத்தில் நின்றது. பழுதே இல்லை! பேட்டரி ஆயுளுக்காக 80-ல் நிறுத்தும் செட்டிங் ஆன் ஆகி இருந்திருக்கு.

டைப்-சி லேப்டாப் என்றால் முதல் சந்தேகம் சார்ஜர் மேல வரணும். 65 வாட் கேட்கும் மெஷினில் 18 வாட் போன் சார்ஜரைச் செருகினால் ஏறாது. ஏறினாலும் ஆமை வேகம். கேபிளும் அப்படித்தான், சாதாரண டைப்-சி கேபிள் 60 வாட் வரைதான். வேற நல்ல சார்ஜர், கேபிள் போட்டுப் பாருங்க. விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம்: புதுசில் இருந்த கொள்ளளவு, இன்றைய கொள்ளளவு இரண்டும் அதில் இருக்கும். பாதிக்குக் கீழே போயிருந்தால் தாராளமா மாத்துங்க, நான் தடுக்கல.

ஆனா டச்பேட் மேலெழும்பி, அடிப்பக்கம் உப்பியிருந்தால் இந்த ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். வயரைப் பிடுங்கி ஆஃப் பண்ணுங்க. அமுக்காதீங்க, குத்தாதீங்க. கடைக்காரர் "ஒரு தடவை சார்ஜ் போட்டுப் பார்ப்போம்"னு சொன்னா விடாதீங்க.