மூன்று விரல்களும் ஓர் அமானிதமும்

என்னுடைய கைத்தொலைபேசியில் ஸ்கிரீன்ஷொட்டுகளுக்கென்று ஒரு கோப்புறை இருக்கிறது. சென்ற விடுமுறையில் அதைத் துப்புரவாக்க உட்கார்ந்தபோது எண்ணிப் பார்த்தேன். ஆயிரத்து நூற்றுச் சொச்சம் படங்கள்! புவியியல் குறிப்புகள், கடந்தகால வினாத்தாள்கள், ரியூசன் நேர அட்டவணைகள், வட்டிலப்பம் செய்முறை என்று எல்லாம் கலந்து கிடந்தன. அவற்றுக்கிடையே தோழிகள் எனக்குத் தனியாக எழுதிய செய்திகளும் இருந்தன. அவற்றை எதற்காகப் பிடித்து வைத்தேன் என்று எனக்கே ஞாபகமில்லை. ஒன்றை மட்டும் மறக்க முடியவில்லை. அந்த ஒன்றினால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

திரையைப் படம் பிடிப்பது எவ்வளவு இலகுவாகிவிட்டது என்பதை முதலில் பாருங்கள். ஐபோனில் இந்த வசதி 2008இல் வந்தது. அன்ட்ரொயிட் போன்களுக்கு 2011இல், நான்காம் பதிப்போடு வந்தது. அன்றிலிருந்து பெரும்பாலான அன்ட்ரொயிட் போன்களில் ஒலியைக் குறைக்கும் பொத்தானையும் பவர் பொத்தானையும் ஒன்றாக அழுத்தினால் போதும். முகப்புப் பொத்தான் இல்லாத ஐபோனில் பக்கப் பொத்தானையும் ஒலியைக் கூட்டும் பொத்தானையும் அழுத்த வேண்டும். பின்னர் பொத்தான்களும் தேவையில்லாமல் போயின. சாம்சுங்கில் உள்ளங்கையின் ஓரத்தைத் திரைக்குக் குறுக்காக இழுத்தால் படம் விழும். ஹுவாவி போன்களில் விரல் மொளியால் திரையை இருமுறை தட்டலாம். ரெட்மி, ஓப்போ, விவோ போன்றவற்றில் மூன்று விரல்களைச் சேர்த்து மேலிருந்து கீழே இழுக்கலாம். ஐபோனின் முதுகைத் தட்டியே படம் எடுக்கும் வசதி 2020இல் வந்தது. திரைக்குள் அடங்காத நீண்ட பக்கத்தை உருட்டி உருட்டி ஒரே படமாக்கும் ‘நீள ஸ்கிரீன்ஷொட்’டும் இப்போது பல போன்களில் உண்டு.

என்னுடையது மூன்று விரல் போன். நான் இதைப் பழகியது 2020இல். கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த காலம் அது. நான் அப்போது தரம் 7. வீட்டில் இருந்தது உம்மாவின் போன் ஒன்றுதான். அதிலேதான் ராத்தாவுக்கும் வகுப்பு, எனக்கும் வகுப்பு. ரீச்சர் கரும்பலகைப் படத்தை அனுப்பிவிட்டு அடுத்ததற்குப் போவதற்குள் மூன்று விரலை இழுப்பேன். டேட்டா முடிந்த பிறகும் அந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்துக் கொப்பியில் எழுதுவேன். அந்த வருடம் என் படிப்பு விட்டுப்போகாமல் இருந்தது அந்தப் படங்களால்தான். ஆகவே ஸ்கிரீன்ஷொட்டைத் திட்டுவதற்கு நான் வரவில்லை.

வாப்பாவின் வியாபாரத்தை முன்னிட்டு நாங்கள் இருப்பது வல்வெட்டித்துறையில். தைப்பொங்கலன்று இங்கே உதயசூரியன் கடற்கரையில் நடக்கும் பட்டப் போட்டியைக் காண எங்கெங்கிருந்தோ சனம் வரும். வர முடியாதவர்கள் இலண்டனிலும் கனடாவிலும் இருந்துகொண்டு நேரலையில் பார்ப்பார்கள். எங்கள் அயல்வீட்டு அம்மம்மாவின் மகன் சென்ற முறை நேரலையில் தன் தாயைக் கூட்டத்துக்குள் கண்டுபிடித்து, அந்தக் கணத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்து அனுப்பியிருந்தார். “பிள்ளை, இதைக் கொஞ்சம் பெரிசாக்கிக் காட்டு” என்று அவர் என்னிடம் போனைத் தந்தார். ஒரு விரல் நகம் அளவுக்கு அவர் தெரிந்தார். அதைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று உண்டு. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது உம்மாவின் குடும்பமும் புத்தளம் போய்ச் சேர்ந்தது. அல்பம் எடுத்துக்கொண்டு போக யாருக்கு நேரம் இருந்தது? புத்தளத்தில் இருக்கும் மூத்தம்மா ஒருநாள் வீடியோ அழைப்பில், உறவுக்காரர் ஒருவரிடமிருந்து கிடைத்த பழைய கல்யாணப் படத்தைப் போனுக்கு முன்னால் பிடித்துக் காட்டினார். பின்னால் அவர்களுடைய பழைய வீட்டின் முற்றம் தெரிந்தது. நான் உடனே மூன்று விரலை இழுத்தேன். கொஞ்சம் மங்கல்தான். ஆனால், அந்த வீட்டுக்கு எங்களிடம் இருக்கும் ஒரே படம் அது.

இனி, நான் மறக்க முடியாத அந்த ஒன்றுக்கு வருகிறேன்.

என் நெருங்கிய தோழி ஒருத்தி ஓர் இரவு எனக்கு எழுதினாள்: “இந்த வீட்டில இருந்து படிக்கவே ஏலாது. ஒரு நாளைக்கு எங்கயாவது போயிடுவன்.” நான் அந்த வரியை மட்டும் வெட்டி, இன்னொரு தோழிக்கு “இவளைப் பாரேன்” என்று அனுப்பினேன். பகிடிக்காகத்தான் அனுப்பினேன். அவள் வேறொருத்திக்கு அனுப்பினாள். நான்காம் நாள் அது தோழியின் உம்மாவுடைய போனில் இருந்தது.

வளர்ந்த பெண்பிள்ளை வீட்டைவிட்டுப் போகப்போகிறாள் என்று வாசித்தால் ஒரு தாய்க்கு எப்படி இருக்கும்? யாரோடு போகப் பார்த்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். போன் பறிக்கப்பட்டது. ரியூசன் நின்றது. மூன்று வாரம் அவள் பாடசாலைக்கு வருவாள், யாரோடும் பேசாமல் இருப்பாள், வாப்பாவோடு திரும்பிப் போவாள்.

நான் வெட்டிவிட்ட மேல் வரியில் அவள் எழுதியிருந்தது இதுதான்: “தம்பி என்ர கொப்பியில பிளேன்ரீய ஊத்திட்டான்.” கீழ் வரி இது: “போறதெண்டா அவனையும் கூட்டிக்கொண்டுதான் போகோணும், அவன் இல்லாட்டி எனக்குப் பொழுது போகாது.” அதற்குப் பின்னால் நான்கு சிரிக்கும் முகங்கள். அந்த இரண்டு வரிகளும் என் போனில் மட்டும் பத்திரமாக இருந்தன.

இங்கே சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. நூல் கையில் இருக்கும்வரைதான் பட்டம் நம்முடையது. அறுந்த பட்டம் எந்தப் பனையில் போய்ச் சிக்கும் என்று ஏற்றியவருக்குத் தெரியாது. நான் அறுத்துவிட்டது என் பட்டத்தையல்ல, இன்னொருத்தியின் பட்டத்தை.

உம்மாவிடம் அழுதுகொண்டே சொன்னேன். அவர் ஏசவில்லை. “நாளைக்கே போவம், நீயே சொல்லு” என்றார். பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கும் மேலே. வழி நெடுக நான் பேசவேயில்லை. தோழியின் வீட்டில் என் போனைத் திறந்து, “முழுக்க வாசியுங்கோ மாமி” என்று அவருடைய உம்மாவிடம் கொடுத்தேன். அவர் மேலிருந்து ஒவ்வொரு வரியாக வாசித்தார். வாசித்து முடித்தபின் ஒன்றும் சொல்லாமல் குசினிக்குள் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் தேநீரும், பின்னால் என் தோழியும் வந்தார்கள். அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால், இன்றுவரை எனக்கு வட்ஸ்அப்பில் ஒரு வரிகூட அவள் எழுதுவதில்லை. எதுவென்றாலும் நேரில்தான் பேசுகிறாள்.

ஒரு வீட்டில் நடந்தது ஊர்களுக்கும் நடந்திருக்கிறது. 2019 ஏப்ரல் 21இல் ஈஸ்டர் குண்டுத் தாக்குதல்கள் நடந்து மூன்று வாரம். நாடே துக்கத்திலும் பயத்திலும் இருந்தது. சிலாபத்தில் முகநூல் வாக்குவாதம் ஒன்றின் ஸ்கிரீன்ஷொட் பரவியது. ஒருவர் சிங்களத்தில் முஸ்லிம்களை இழிவாக எழுதியதும், முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் ஆங்கிலத்தில், அதிகம் சிரிக்காதே, ஒருநாள் அழுவாய் என்ற பொருளில் பதில் எழுதியதும் அதில் இருந்தன.  ஊர் உறுதிப்படுத்தலுக்காகக் காத்திருக்கவில்லை. அந்தப் பதிலை அடுத்த தாக்குதலுக்கான மிரட்டலாகப் பலர் வாசித்தார்கள். மே 12ஆம் திகதி கடைமீதும் பள்ளிவாசல்மீதும் கற்கள் விழுந்தன. கடைக்காரர் கைது செய்யப்பட்டார். ஊரடங்கு வந்தது. அதைத் தொடர்ந்து குளியாப்பிட்டி, ஹெட்டிபொல, மினுவாங்கொட என்று வன்முறை பரவியது. புத்தளம் மாவட்டத்தில் ஒருவர் கொல்லப்பட்டார். முகநூலும் வட்ஸ்அப்பும் மே 13ஆம் திகதி தடை செய்யப்பட்டன.

இத்தனைக்கும் ஒரு ஸ்கிரீன்ஷொட்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. பயமும் வெறுப்பும் முன்பே இருந்தன. ஆனால், இரண்டு பேர் கோபத்தில் எழுதிய வரிகள் அவர்கள் இருந்த இடத்தைவிட்டு வெட்டப்பட்டு, மொழியும் நோக்கமும் தெரியாதவர்களின் கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமா?

பெற்றோரே, உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்கிரீன்ஷொட்டைப் பார்த்தவுடன் கண்ணால் கண்டதுபோல் நம்பிவிடுகிறோம். வட்ஸ்அப் உரையாடலின் மேலே தெரியும் பெயர், பெரும்பாலும் அந்தப் போனில் அந்த இலக்கத்துக்குச் சேமித்து வைத்திருக்கும் பெயர்தான். யாருடைய இலக்கத்தையும் உங்கள் மகளின் பெயரில் சேமித்து, அவள் எழுதியதுபோல ஒரு படம் எடுத்துவிடலாம். இடையில் உள்ள ஒரு வரியைத் தன் போனில் மட்டும் அழித்துவிட்டால், கேள்வி ஒன்றுக்கும் பதில் வேறொன்றுக்குமாகிவிடும். அழித்த அடையாளமும் அங்கே இருக்காது. இதற்குக் கணினி அறிவு எதுவும் தேவையில்லை. ஆகவே யாராவது ஒரு படத்தைக் காட்டி “உங்கட மகள் எழுதியிருக்கிறா” என்றால், மகளின் போனைப் பறிக்க முன் மகளைக் கேளுங்கள். முழு உரையாடலையும் கேளுங்கள். “இது உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?” என்று கொண்டு வந்தவரையும் கேளுங்கள்.

அப்படியானால் ஸ்கிரீன்ஷொட்டே வேண்டாமா? வேண்டும். முக்கியமாக நமக்கு வேண்டும். யாராவது மிரட்டினால், அசிங்கமாக எழுதினால், படத்தைக் கேட்டுத் தொல்லை கொடுத்தால், பயத்தில் அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள். பலர் செய்யும் பிழை அதுதான். பெயரை மட்டுமல்ல, உள்ளே போய் தொலைபேசி இலக்கத்தையும் தெரியும்படி எடுங்கள். திகதியும் நேரமும் தெரியட்டும். வெட்டாதீர்கள். முடிந்தால் நீள ஸ்கிரீன்ஷொட்டாக, தொடக்கத்திலிருந்து முடிவுவரை எடுங்கள். மூல உரையாடலையும் அப்படியே வைத்திருங்கள். பிறகு உம்மாவிடமோ நம்பிக்கையான ஆசிரியையிடமோ காட்டுங்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்த நமக்கு 1929 என்ற சிறுவர் பாதுகாப்பு இலக்கமும், பெண்களுக்கு 1938 என்ற இலக்கமும் இருக்கின்றன. தோழிகள் குழுவுக்கு அதை அனுப்பினால் நியாயம் கிடைக்காது, கதைதான் பரவும்.

தொழில்நுட்பம் நம்மைக் காப்பாற்றும் என்றும் நம்பியிருக்க முடியாது. வங்கிச் செயலிகள் சில, திரையைப் படம் பிடிக்க விடுவதில்லை. வட்ஸ்அப்பில் ஒருமுறை மட்டும் பார்க்கக்கூடிய படங்களுக்கும் அந்தத் தடை உண்டு. ஆனால், பக்கத்தில் இன்னொரு போனைப் பிடித்துப் படம் எடுப்பதை எந்தச் செயலியால் தடுக்க முடியும்? சாதாரண வட்ஸ்அப் உரையாடலை ஒருவர் பிடித்து வைத்தால் மற்றவருக்கு அறிவிப்பும் வராது. சட்டமும் இருக்கிறது. 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டம், ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கத்தோடு அவருடைய அந்தரங்கத் தகவலை வெளியிடுவதைக் குற்றமாக்குகிறது. ஆனால், சட்டம் வருவது படம் போன பிறகு. போகாமல் தடுக்கக்கூடிய ஒரே இடம் நம் கைதான்.

அதனால்தான் இதை அமானிதம் என்கிறேன். ஒருத்தி நம்மை நம்பிச் சொன்ன சொல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள். அடுத்த வீட்டு நகையைக் காப்பாற்றித் தரச் சொன்னால் எவ்வளவு கவனமாக வைத்திருப்போம்! வார்த்தை என்றால் மட்டும் ஏன் கை இவ்வளவு தாராளமாகிறது?

சகோதரிகளே, நான் எனக்கென்று வைத்துக்கொண்ட பழக்கங்கள் மூன்று. பாடக்குறிப்பு, நேர அட்டவணை, செய்முறை என்றால் தாராளமாக எடுக்கிறேன். ஒருவர் எனக்குத் தனியாக எழுதியது என்றால், “இதை இன்னாருக்குக் காட்டலாமா?” என்று அவரிடமே கேட்கிறேன். காட்ட வேண்டி வந்தால் ஒற்றை வரியை வெட்டாமல் முழுவதையும் காட்டுகிறேன். கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்றால், அதை அனுப்பக் கூடாது என்பதற்கு அந்தக் கூச்சமே போதும்.

கல்லூரியிடமும் ஒரு வேண்டுகோள். போன் கெட்டது என்று காலைக்கூட்டத்தில் நிறையக் கேட்டுவிட்டோம். எங்கள் தமிழ் இலக்கிய மன்றக் கூட்டம் ஒன்றிலாவது, பெற்றோரையும் அழைத்து, ஒரு ஸ்கிரீன்ஷொட் எப்படி வெட்டப்படுகிறது, எப்படிப் பொய்யாக்கப்படுகிறது, ஆதாரமாக எப்படிச் சரியாக எடுப்பது என்று செய்து காட்டுங்கள். ஒரு மணி நேரம் போதும். முதல் ஆளாக மேடையேறி என் பிழையைச் சொல்ல நான் தயார். தோழியிடம் நேற்றே அனுமதி கேட்டுவிட்டேன். இந்தக் கட்டுரையையும் அச்சுக்குக் கொடுக்க முன் அவள்தான் வாசித்தாள். தம்பி பிளேன்ரீ ஊற்றிய கதையைக் கட்டாயம் போடச் சொன்னாள்.

— உயர்தர கலைப்பிரிவு மாணவி, வல்வெட்டித்துறை