கோடியக்கரை விருந்தாளிகள் குறைவது ஏன்?

உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு குருவி. அதன் எடை 25 கிராம் இருக்கும். ஓர் எலுமிச்சம்பழம் கூட அதைவிடக் கனமாக இருக்கும்.

இந்தக் குருவி பிறப்பது வடதுருவத்தை ஒட்டிய பனி நாட்டில். குளிர்காலத்தைக் கழிப்பது நம் ஊர்ச் சேற்றில். இரண்டுக்கும் இடையே ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. மலைகளைத் தாண்டி, பாலைவனங்களைத் தாண்டி அது பறந்து வருகிறது.

அதற்குப் பாஸ்போர்ட் கிடையாது. விசா கிடையாது. யாரிடமும் வழி கேட்பதும் இல்லை.

இதன் பெயர் கொசு உள்ளான். கொசுவைப் போலச் சின்னதாக இருப்பதால் இந்தப் பெயர்.

கொசு உள்ளானும் அதன் உறவினர்களும் ஒரு காலத்தில் லட்சக்கணக்கில் கோடியக்கரைக்கு வந்தார்கள். இப்போது அந்தக் கூட்டம் வெகுவாகக் குறைந்துவிட்டது.

ஏன்? குருவி குறைந்தால் நமக்கு என்ன? இதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

எங்கே இருக்கிறது?

தமிழ்நாட்டின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். சென்னையிலிருந்து தெற்கே நேராக வரும் கடற்கரை, ஓர் இடத்தில் சட்டென்று மேற்கே திரும்புகிறது. அந்த முனைதான் கோடியக்கரை. நாகப்பட்டினம் மாவட்டத்தில், வேதாரண்யத்துக்குத் தெற்கே இருக்கிறது.

ஒரு பக்கம் வங்கக் கடல். இன்னொரு பக்கம் பாக் நீரிணை. உள்ளே காடு. காட்டுக்கு மேற்கே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சதுப்பு நிலம். அதையும் தாண்டினால் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு.

1967-ல் கோடியக்கரை வனவிலங்குச் சரணாலயம் ஆயிற்று. அங்கே வெளிமான்கள் துள்ளி ஓடுவதை இன்றும் காணலாம். 2002-ல் இந்தச் சதுப்பு நிலம் முழுவதும் உலக முக்கியத்துவம் உள்ள இடம் என்று 'ராம்சார்' பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதன் பரப்பு 38 ஆயிரத்து 500 ஹெக்டேர். அதாவது சுமார் 95 ஆயிரம் ஏக்கர்.

யார் யார் வருகிறார்கள்?

ஆகஸ்டு மாதமே முதல் கூட்டம் வந்துவிடும். அக்டோபரில் மழை தொடங்கியதும் கூட்டம் பெருகும். மார்ச் மாதத்துக்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கிளம்பும்.

கூட்டத்தில் முதலில் கண்ணில் படுவது பூநாரை. நீண்ட கால், நீண்ட கழுத்து, ரோஜா நிறச் சிறகு. இது தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்துச் சாப்பிடும். சல்லடை போட்டு அரிப்பது போலத் தண்ணீரை அரித்து, சின்னஞ்சிறு உயிர்களை விழுங்கும். அந்த உணவில் இருக்கும் சத்துதான் இறகுக்குச் சிவப்பைக் கொடுக்கிறது.

உள்ளான், உப்புக்கொத்தி, கோட்டான், மூக்கன், ஆலா என்று இன்னும் பல இனங்கள் வருகின்றன. ஊசிவால் வாத்தும் வருகிறது.

இவை எல்லாம் ஒரே சேற்றில் சாப்பிட்டால் சண்டை வராதா? வராது. காலின் உயரத்துக்குத் தக்கபடி ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு. கொசு உள்ளான் ஈரச் சேற்றில் ஓடி ஓடிக் கொத்தும். நெட்டைக்கால் பறவை முழங்கால் தண்ணீரில் நிற்கும். அலகிலும் அப்படித்தான். குட்டை அலகு மேல் சேற்றில் இருப்பதை எடுக்கும். நீண்ட அலகு அடிச் சேற்றில் இருக்கும் புழுவை இழுக்கும். சண்டை இல்லாத பந்தி!

இத்தனை தூரம் எதற்கு?

வடதுருவப் பக்கம் கோடைகாலம் மிகவும் குறுகியது. அப்போது இரவிலும் வெளிச்சம் இருக்கும். பூச்சிகள் ஏராளமாகக் கிடைக்கும். குஞ்சு வளர்க்க நல்ல இடம். ஆனால் கோடை முடிந்ததும் எல்லாம் உறைந்து கல்லாகிவிடும். அங்கேயே தங்கினால் பட்டினிச் சாவுதான்.

வளைமூக்கு உள்ளான் என்று ஒன்று இருக்கிறது. இதன் குஞ்சு வளர்ந்து பறக்கும் முன்பே தகப்பன் தெற்கே கிளம்பிவிடும். பிறகு தாயும் போய்விடும். குஞ்சு சில வாரம் கழித்து, வழி தெரிந்த பெரியவர் துணை இல்லாமல், தானே கிளம்பித் தானே வந்து சேர்கிறது. பள்ளிக்கூடம் போகாமலே அது கற்ற பூகோளம் அது!

இவை எவ்வளவு தூரம் பறக்கும் தெரியுமா? 2022-ம் ஆண்டு ஒரு பட்டைவால் மூக்கனின் உடம்பில் சிறு கருவி பொருத்தி அனுப்பினார்கள். அது பிறந்து ஐந்து மாதமே ஆன இளம் பறவை. அமெரிக்காவின் அலாஸ்காவில் கிளம்பிய அது, எங்கும் இறங்காமல் 11 நாள் பறந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் இறங்கியது. தூரம் 13 ஆயிரத்து 560 கிலோமீட்டர்.

காலில் வளையம்

பறவை எங்கே இருந்து வருகிறது என்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

1899-ம் ஆண்டு டென்மார்க் நாட்டுப் பள்ளி ஆசிரியர் மார்ட்டென்சன் ஒரு வழி கண்டார். பறவையின் காலில் எண் பொறித்த மெல்லிய வளையத்தை மாட்டிப் பறக்கவிட்டார். வேறோர் ஊரில் அது பிடிபட்டால் அங்கிருந்து தகவல் வரும்.

நம் நாட்டில் இந்த வேலையைச் செய்தது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம். 1883-ல் தொடங்கிய பழைய சங்கம் இது. பறவை அறிஞர் சலீம் அலி இதற்கு வழிகாட்டியாக இருந்தார். கோடியக்கரையின் பெருமையை வெளியே எடுத்துச் சொன்னவர்களில் அவர் முக்கியமானவர். 1980-களில் இந்தக் கழகத்தார் கோடியக்கரையிலேயே முகாம் போட்டு ஆயிரக்கணக்கான பறவைகளுக்கு வளையம் மாட்டினார்கள்.

அந்த முகாம்களின் கணக்குதான் இன்றைக்குக் கைகொடுக்கிறது. அன்று எந்தப் பறவை எத்தனை வந்தது என்று தெரிந்ததால்தான், இன்று குறைந்திருக்கிறது என்று சொல்ல முடிகிறது.

கணக்கு என்ன சொல்கிறது?

அன்று மிக அதிகமாகப் பிடிபட்டவை கொசு உள்ளானும் வளைமூக்கு உள்ளானும்தான். இன்று அவற்றின் கூட்டம் பழைய அளவில் இல்லை.

இது கோடியக்கரைக்கு மட்டும் வந்த கஷ்டம் அல்ல. 2024 அக்டோபரில் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. வலசை வரும் கரையோரப் பறவைகளில் 16 இனங்களின் நிலை மோசமாகிவிட்டது என்றது. அந்தப் பட்டியலில் நம் வளைமூக்கு உள்ளானும் இருக்கிறது.

கரண்டிமூக்கு உள்ளான் என்று ஒரு பறவை. அலகின் நுனி கரண்டி போலவே இருக்கும். அது முன்பு கோடியக்கரையிலும் காணப்பட்டது. இன்று உலகம் முழுவதும் தேடினாலும் சில நூறுதான் தேறும்.

யார் குற்றம்?

குற்றவாளி ஒருவர் அல்ல. மூன்று இடத்தில் ஆபத்து இருக்கிறது.

முதல் இடம், பிறந்த ஊர். பூமி சூடாகி வருகிறது. வடதுருவப் பக்கம் மற்ற இடங்களைவிட வேகமாகச் சூடாகிறது. பனி முன்னதாக உருகினால் பூச்சியும் முன்னதாக வந்து போய்விடும். குஞ்சு பொரிக்கும்போது உணவு இருக்காது.

இரண்டாவது இடம், வரும் வழி. நடுவழியில் இளைப்பாறும் ஏரிகளும் சேற்றுக் கரைகளும் பல நாடுகளில் வற்றுகின்றன. அல்லது கட்டடமாகின்றன. வழிச் சத்திரம் மூடிக் கிடந்தால் வழிப்போக்கன் என்ன செய்வான்?

மூன்றாவது இடம், நம் ஊர். முதல் இரண்டும் நம் கைக்கு எட்டாதவை. மூன்றாவது நம் கையில் இருக்கிறது. ஆகவே அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

உப்பும் நல்ல தண்ணீரும்

வேதாரண்யம் என்றால் உப்பு. 1930-ல் ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய மண் அது. இன்றும் அங்கே உப்பளங்கள் ஏராளம். பல குடும்பங்களுக்கு அதுதான் சோறு போடுகிறது.

உப்பளம் பறவைக்கு எதிரி என்று சொல்லிவிட முடியாது. பூநாரை உப்பளத்துத் தண்ணீரிலும் மேயும். ஆனால் எல்லாப் பறவையும் பூநாரை ஆகுமா?

கடல் தண்ணீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. வெயிலில் தண்ணீர் வற்ற வற்ற, உப்பு ஏறிக்கொண்டே போகும். ஓரளவுக்கு மேல் ஏறினால் சேற்றில் இருக்கும் பலவகைப் புழுக்கள் செத்துவிடும். உப்பைத் தாங்கும் ஓரிரு உயிர்தான் மிஞ்சும். பத்து வகைக் கறியோடு நடந்த பந்தியில் ஒரே ஒரு கறி மிஞ்சினால், எத்தனை பேர் உட்காருவார்கள்?

இந்த உப்பைத் தணிப்பது நல்ல தண்ணீர். அது இரண்டு வழியில் வர வேண்டும். ஒன்று, ஐப்பசி, கார்த்திகை மழை. இன்னொன்று காவிரி.

காவிரிக்கும் கோடியக்கரைக்கும் என்ன சம்பந்தம்? முள்ளியாறு, மானங்கொண்டான் ஆறு போன்ற வாய்க்கால் ஆறுகள் கடைமடை வயல்களைத் தாண்டி வந்து இந்தச் சதுப்பில்தான் வடிகின்றன. அவை தண்ணீரோடு வண்டலையும் கொண்டுவரும். வண்டல் இருந்தால் சேறு கொழுக்கும். சேறு கொழுத்தால் புழு பெருகும்.

காவிரித் தண்ணீர் கடைமடை வயலுக்கே போதாமல் போகிறது. பிறகு சதுப்புக்கு எங்கே வரும்? "ஆற்றுத் தண்ணீர் கடலில் வீணாகிறது" என்று நாம் சொல்கிறோம். முகத்துவாரத்துச் சேற்றைக் கேட்டால் அது வேறு கதை சொல்லும்.

இதோடு சீமைக் கருவேலமும் சேர்ந்துகொண்டது. அது திறந்த வெளியை அடைத்துப் பரவுகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பகுதியைத் தாக்கியபோது கோடியக்கரைக் காடும் சூறையாடப்பட்டது.

நமக்கு என்ன நஷ்டம்?

"குருவி வராவிட்டால் போகட்டும். நம் பாட்டை நாம் பார்ப்போம்" என்று சிலர் நினைக்கலாம்.

கோடியக்கரைக்குப் பறவை வரும் அதே பருவத்தில் இன்னொரு கூட்டமும் வருகிறது. அவர்கள் மீனவர்கள். வெளியூர்களில் இருந்து வந்து, கரையில் குடிசை போட்டுத் தங்கி, சில மாதம் மீன் பிடித்துவிட்டுத் திரும்புவார்கள்.

பறவை தேடுவது சேற்றில் இருக்கும் புழுவை. மீன் குஞ்சும் இறால் குஞ்சும் வளர்வதும் இதே மாதிரிச் சேற்றுக் கழியில்தான். உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் கலக்கும் இடம்தான் அவற்றுக்குத் தொட்டில். அங்கே வளர்ந்துதான் பல இனங்கள் கடலுக்குப் போகின்றன. தொட்டில் கெட்டால் வலையும் இளைக்கும்.

ஆகவே பறவையை வைத்துச் சேற்றின் நலத்தை அறியலாம். வைத்தியர் நாடி பிடித்துப் பார்ப்பது போலத்தான் இதுவும். நாடி தளர்ந்தால் உடம்பைக் கவனிக்க வேண்டாமா?

என்ன செய்கிறார்கள்?

நல்ல செய்தியும் இருக்கிறது.

2021-ல் விழுப்புரம் மாவட்டத்துக் கழுவெளி பறவைகள் சரணாலயம் ஆயிற்று. 2025 ஜூன் மாதம் தனுஷ்கோடியில் சுமார் 525 ஹெக்டேர் நிலம் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2025-ம் ஆண்டுக் கணக்குப்படி ராம்சார் பட்டியலில் தமிழ்நாட்டு இடங்கள் 20. இந்தியாவில் வேறு எந்த மாநிலத்துக்கும் இத்தனை இல்லை.

பாராட்ட வேண்டிய காரியம்தான். ஆனால் பெயர்ப் பலகையைப் பார்த்துப் பறவை இறங்குவதில்லை. அது சேற்றைப் பார்த்துத்தான் இறங்குகிறது. எல்லைக் கல் நட்டால் போதாது. வாய்க்காலைத் தூர் வாரி, நல்ல தண்ணீர் சதுப்புக்குள் போக வழி விட வேண்டும். மழைத் தண்ணீர் வரும் பாதையில் கரை போட்டு அடைக்கக் கூடாது. உப்பளமும் இருக்கட்டும், சதுப்பும் இருக்கட்டும். ஒன்று இன்னொன்றை விழுங்காமல் பார்த்துக்கொள்வதுதான் அதிகாரிகளின் வேலை.

நமக்கும் ஒரு வேலை உண்டு. உள்ளான் கறி ருசி என்று சிலர் ரகசியமாக விற்கிறார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972 முதல் இருக்கிறது. கண்ணி வைப்பவன் மட்டுமா குற்றவாளி? காசு கொடுத்து வாங்குகிறவர் இல்லாவிட்டால் கண்ணிக்கு வேலையே இல்லை.

பார்க்கப் போகிறீர்களா?

குழந்தைகளை அழைத்துக்கொண்டு போங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரை ரயில் பாதை 2023-ல் மீண்டும் திறக்கப்பட்டது. அங்கிருந்து கோடியக்கரை பக்கம்தான்.

விடியற்காலையில் போங்கள். வெயில் ஏறினால் கானல் எழும்பும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் உடை வேண்டாம். தூரதர்சினி இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். காட்டுக்குள் போக வனத்துறையாரிடம் அனுமதி பெறுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பறவை கூட்டமாகப் பறப்பது அழகாக இருக்கும். அதற்காகக் கையைத் தட்டி விரட்டாதீர்கள். அவை இங்கே தின்று சேர்க்கும் கொழுப்புதான் திரும்பிப் போவதற்கான வழிச் செலவு. ஒவ்வொரு தடவை விரட்டும்போதும் அந்த மடியிலிருந்து கொஞ்சம் பறித்துக்கொள்கிறோம்.

வந்தவரை உபசரிப்பது தமிழர் வழக்கம். இந்த விருந்தாளி நம்மிடம் இலை போட்டுச் சாதம் கேட்கவில்லை. கொஞ்சம் சேறு, கொஞ்சம் நல்ல தண்ணீர், கொஞ்சம் அமைதி. இவ்வளவுதான் கேட்கிறது.

அடுத்த ஆகஸ்டில் அது மீண்டும் வந்து மேலே வட்டமிடும். இறங்குவதா, வேண்டாமா என்று கீழே பார்க்கும். அப்போது அங்கே சேறு இருக்க வேண்டும்.