ஒப்பனைக் காணொலி உலகில் புதியவர்கள்: முதல் இலவசப் பார்சலிலேயே தொடங்கும் சட்டப் பொறுப்பு

புது தில்லி:

கைப்பேசி ஒன்று, ஜன்னலோர வெளிச்சம், அலமாரியில் ஏற்கெனவே இருக்கும் நான்கைந்து ஒப்பனைப் பொருள்கள். சமூக ஊடகங்களில் அழகுக்கலை, சருமப் பராமரிப்பு தொடர்பான காணொலிகளை வெளியிடத் தொடங்குவதற்கு இவற்றுக்கு மேல் பெரிதாக எதுவும் தேவையில்லை. இத்தனை குறைந்த முதலீட்டில் கடை விரிக்கக்கூடிய தொழில்கள் அரிது. இளம்பெண்களையும், அண்மைக்காலமாக இளைஞர்களையும் இத்துறை ஈர்ப்பதற்கு அதுவே முதற்காரணம்.

ஆனால், உள்ளே நுழைவது எளிது என்பதால் அங்கே பிழைப்பதும் எளிது என்று ஆகிவிடாது. 2025 மே மாதம் மும்பையில் நடைபெற்ற 'வேவ்ஸ்' உச்சி மாநாட்டையொட்டி பாஸ்டன் கன்சல்டிங் குழுமம் வெளியிட்ட அறிக்கையின்படி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பின்தொடர்வோரைக் கொண்ட எண்மப் படைப்பாளர்கள் இந்தியாவில் 20 முதல் 25 லட்சம் பேர். அவர்களில் தங்கள் படைப்புகளைக் கொண்டு முறையாக வருவாய் ஈட்டுவோர் 8 முதல் 10 சதவீதத்தினர் மட்டுமே.

எஞ்சியவர்களுக்கு எதுவுமே கிடைப்பதில்லை என்று இதற்குப் பொருளன்று. அழகுத் துறையில் புதியவருக்கு முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் பணமாக இருப்பதில்லை, பொருளாகவே இருக்கிறது. உதட்டுச்சாயமோ, சீரமோ, சன்ஸ்கிரீனோ அடங்கிய பார்சல் ஒன்று வீட்டு வாசலுக்கு வருகிறது. அதைப் பெறுபவர் பரிசாகக் கருதுகிறார். நுகர்வோர் பாதுகாப்பு விதிகளும் வருமான வரித்துறையும் அதை அப்படிக் கருதுவதில்லை. புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான். எந்த ரிங் லைட் வாங்கலாம் என்று விளக்கும் எண்ணற்ற வழிகாட்டிக் காணொலிகள் சொல்லாமல் கடந்துபோகும் இடமும் இதுதான்.

தடைக்குப் பின் திறந்த வாசல்

டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளுக்கு மத்திய அரசு 2020 ஜூன் 29 அன்று தடை விதித்தது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் தனது ரீல்ஸ் வசதியை இந்தியாவில் அறிமுகம் செய்தது. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸின் சோதனை வடிவம் இங்குதான் முதலில் வெளியானது. குறுங்காணொலி என்னும் வடிவம் சிற்றூர்களிலும் வேரூன்றி நிலைத்தது இவ்விரு தளங்களின் வழியாகவே.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பகல் நேரத்தில் ஜன்னலை நோக்கி அமர்ந்து எடுக்கப்படும் காணொலியில் ஒப்பனையின் நிறம் உள்ளபடியே தெரியும். விலையுயர்ந்த விளக்குகளைக் காட்டிலும் சட்டையில் செருகும் சிறிய மைக் ஒன்று அதிகப் பயன் தரும். முகத்தை மெருகேற்றும் ஃபில்டர்களை அறவே தவிர்ப்பது நல்லது. தோலுக்குப் பழுப்பு நிறம் தரும் பொருள்களின் விளம்பரங்களில் அவற்றின் விளைவை மிகைப்படுத்தும் ஃபில்டர்களைப் பயன்படுத்துவது தவறான வழிகாட்டல் என பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் 2021 பிப்ரவரியிலேயே தீர்ப்பளித்துள்ளது.

யாருக்காகப் பேசுகிறோம் என்பதைத் தீர்மானிப்பதே கடினமான வேலை. இந்திய வம்சாவளியைச் சேர்ந்த அமெரிக்கரான தீபிகா முத்யாலா, கண்ணுக்குக் கீழே உள்ள கருவளையத்தைச் சிவப்பு உதட்டுச்சாயம் கொண்டு மறைக்கும் முறையை 2015இல் ஒரு காணொலியில் செய்துகாட்டினார். ஒரு கோடி முறைக்கு மேல் பார்க்கப்பட்ட அந்தக் காணொலியில் விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை. பழுப்பு நிறச் சருமத்துக்குச் சந்தை அளிக்கத் தவறிய விடை மட்டுமே அதில் இருந்தது. பின்னர் அவர் சொந்த ஒப்பனை நிறுவனமும் தொடங்கினார்.

அத்தகைய விடையற்ற கேள்விகள் இந்தியாவில் இன்னும் ஏராளமாக உள்ளன. சென்னையின் புழுக்கத்தில் மூன்று மணி நேரம் கழித்தும் பவுண்டேஷன் நிற்குமா? மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் உரிய சாயல்கள் உள்ளூர்க் கடையில் கிடைக்கின்றனவா? வெள்ளைப் படலம் விடாத சன்ஸ்கிரீன் எது? இவற்றுக்குத் தம் சொந்த முகத்தைக் கொண்டு, சொந்த மொழியில் விடை சொல்பவர், ஏற்கெனவே புகழ்பெற்ற ஒருவரை நகலெடுப்பவரை விட விரைவாக நம்பிக்கையைப் பெறுவார்.

வருவாய் எங்கிருந்து வருகிறது?

யூடியூபில் விளம்பர வருவாயில் பங்கு பெற 1,000 சந்தாதாரர்கள் தேவை. அத்துடன் ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையோ, 90 நாள்களில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வைகளோ இருக்க வேண்டும். நெடுங்காணொலி விளம்பரங்களில் 55 சதவீதமும், 2023 பிப்ரவரி முதல் ஷார்ட்ஸ் விளம்பர வருவாயில் படைப்பாளர்களுக்கென ஒதுக்கப்படும் தொகையில் 45 சதவீதமும் அவர்களுக்குச் செல்கின்றன. புதியவருக்கு இந்த எல்லையை எட்டுவதே நெடும் பயணம்.

காணொலியில் காட்டும் பொருளைப் பார்வையாளர் வாங்கினால் தரகு பெறும் முறை மற்றொரு வழி. ஃபிளிப்கார்ட், மிந்த்ரா ஆகியவற்றுடன் இணைந்து யூடியூப் இத்திட்டத்தை 2024 அக்டோபரில் இந்தியாவில் தொடங்கியது. மணப்பெண் அலங்காரம், ஒப்பனை வகுப்பு போன்ற நேரடிப் பணிகளுக்குத் தமது பக்கத்தையே காட்சிக்கூடமாகப் பயன்படுத்துவோரும் உண்டு. சிறு நகரங்களைப் பொறுத்தவரை, பார்வைகளின் எண்ணிக்கையைத் துரத்துவதை விட இதுவே உறுதியான வழி என்று தோன்றுகிறது.

இவை கைகூடும் முன்பே பார்சல்கள் வரத் தொடங்கிவிடுகின்றன. சில ஆயிரம் பேர் மட்டுமே பின்தொடரும் பக்கங்களையும் நிறுவனங்கள் தேடிச் செல்கின்றன. காரணம் எளிது: விளம்பரப் படம் எடுப்பதை விட நூறு பேருக்குப் பொருளை அனுப்பிவைப்பது மலிவு.

பார்சலோடு வரும் கடமை

தவறான விளம்பரங்களைத் தடுப்பதற்கான வழிகாட்டு நெறிகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூன் 9 அன்று அறிவித்தது. அதைத் தொடர்ந்து 2023 ஜனவரி 20 அன்று, சமூக ஊடகச் செல்வாக்காளர்களுக்கெனத் தனிக் கையேடு ஒன்றை நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்டது. பணம் மட்டுமின்றி, இலவசப் பொருள், தள்ளுபடி, பயணம், தங்கும் வசதி, ஏன் கேட்காமலேயே வந்து சேர்ந்த பரிசு கூட விளம்பரதாரருடனான தொடர்பாகவே கருதப்படும். அதைப் பார்வையாளருக்கு வெளிப்படையாகத் தெரிவித்தாக வேண்டும்.

எவ்வாறு தெரிவிப்பது என்பதும் வரையறுக்கப்பட்டுள்ளது. காணொலியாக இருந்தால் எழுத்திலும் பேச்சிலும் சொல்ல வேண்டும். நேரலையாக இருந்தால் தொடர்ந்து திரையில் தெரிய வேண்டும். இருபது ஹேஷ்டேக்குகளுக்கு நடுவே 'விளம்பரம்' என்ற சொல்லைப் புதைத்து வைப்பது ஏற்கத்தக்கதன்று. தொழில்துறையின் சுய ஒழுங்குமுறை அமைப்பான இந்திய விளம்பரத் தரக் கவுன்சிலும் 2021 ஜூன் 14 முதல் இதே நோக்கிலான நெறிகளை நடைமுறைப்படுத்தி வருகிறது. வெளிப்படுத்தும் குறிப்பு ஆங்கிலத்தில் அல்லது விளம்பரத்தின் மொழியில், சாதாரண நுகர்வோருக்குப் புரியும்படி அமைய வேண்டும் என்கிறது அது. தமிழில் பேசும் காணொலியில் 'இந்தப் பொருளை நிறுவனம் எனக்கு இலவசமாக அனுப்பியது' என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுவதற்கு ஐந்து நொடி போதும். அதைச் சொன்னால் மதிப்புக் குறையும் என்ற அச்சம் பலரிடம் உள்ளது. சொல்லாமல் விட்டு, பின்னூட்டத்தில் பிடிபடும்போது இழக்கும் மதிப்புதான் மீட்க முடியாதது.

வரித்துறையின் கணக்கும் பார்சலில் இருந்தே தொடங்குகிறது. ஒரு நிதியாண்டில் ஒருவருக்கு 20,000 ரூபாய்க்கு மேல் பொருளாகவோ சலுகையாகவோ வழங்கும் நிறுவனம் 10 சதவீத வரியைப் பிடித்தம் செய்ய வேண்டும் என்ற விதி, வருமான வரிச் சட்டத்தின் 194ஆர் பிரிவாக 2022 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பாக மத்திய நேரடி வரிகள் வாரியம் வெளியிட்ட சுற்றறிக்கை, சமூக ஊடகச் செல்வாக்காளர்களை வெளிப்படையாகவே குறிப்பிட்டது. கார், கைப்பேசி, ஆடை ஆகியவற்றோடு ஒப்பனைப் பொருளும் அதில் எடுத்துக்காட்டாக இடம்பெற்றது. பயன்படுத்திய பின் பொருளைத் திருப்பி அனுப்பினால் அது ஆதாயம் ஆகாது, வைத்துக்கொண்டால் ஆதாயமாகும். பயன்படுத்திய உதட்டுச்சாயத்தை எந்த நிறுவனம் திரும்பப் பெற்றுக்கொள்ளும் என்பதைச் சுற்றறிக்கை விளக்கவில்லை. ஆகவே, வந்த தேதி, அனுப்பியவர், சந்தை மதிப்பு ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வருவதை முதல் பார்சலிலிருந்தே பழக்கமாக்கிக்கொள்வது அவசியம்.

சருமம் தொடர்பான கேள்வி

உணவு அல்லது பயணக் காணொலியில் தவறான பரிந்துரை வந்தால் பார்வையாளருக்குப் பணம் வீணாகும். அழகுக் காணொலியில் அது உடலைத் தாக்கக்கூடும். கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. கோட்டக்கல்லில் பணியாற்றும் சிறுநீரக மருத்துவர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் கசியும் ஒருவகைச் சிறுநீரக நோயுடன் வந்த 22 பேரை ஆராய்ந்தனர். அவர்களில் 15 பேரிடம் நோயின் அரிய வகை ஒன்று காணப்பட்டது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம்களைப் பயன்படுத்தியவர்கள். அந்த க்ரீம்களில் கலந்திருந்த பாதரசத்தையே மருத்துவர்கள் சுட்டிக்காட்டினர். மருத்துவ ஆய்விதழில் இது வெளியானது. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளில் சோதனை நடத்தியது.

2020ஆம் ஆண்டின் ஒப்பனைப் பொருள் விதிகளின்படி, ஒப்பனைப் பொருளில் பாதரசத்தைச் சேர்க்கக் கூடாது. தற்செயலாகக் கலந்திருப்பினும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கலாகாது. கண் பகுதிக்கான பொருள்களுக்கு மட்டும் இந்த அளவு 70 பங்கு. இதைக் காணொலி எடுப்பவரால் வீட்டில் சோதித்தறிய முடியாது. ஆனால் உறையைப் புரட்டிப் பார்க்க முடியும். உள்நாட்டுப் பொருளில் உற்பத்தியாளரின் பெயரும் முகவரியும், உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி, உட்பொருள் பட்டியல் ஆகியன இருக்க வேண்டும். இறக்குமதிப் பொருளில் இறக்குமதியாளரின் முகவரியும் பதிவுச் சான்றிதழ் எண்ணும் இருக்க வேண்டும். இவை இல்லாத டப்பாவை முகத்தில் பூசி மற்றவர்க்கும் பரிந்துரைப்பதற்கு எந்தத் தொகையும் ஈடாகாது.

ஸ்டீராய்டு கலந்த களிம்புகளும் இவ்வகையினவே. மருத்துவரின் சீட்டின்றி அவற்றை விற்கக் கூடாதென 2018இல் மத்திய அரசு விதியை இறுக்கியது. ஆயினும் 'ஒரு வாரத்தில் முகம் வெளுக்கும்' என்ற வாக்குறுதிக்கு மவுசு குறையவில்லை. 1975இல் அறிமுகமான 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020இல் 'க்ளோ அண்ட் லவ்லி' எனப் பெயர் மாறியது. 'வெண்மை' போய் 'பொலிவு' வந்தது. விருப்பம் அதேதான் என்பதைப் பின்னூட்டங்களைப் படிப்பவர் அறிவர். முகப்பருவைக் குணமாக்கும், மங்கை அகற்றும் என்று சொல்லும் கணத்தில் பேச்சு ஒப்பனையிலிருந்து மருந்துக்குத் தாவிவிடுகிறது என்பதையும் புதியவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

குறை சொல்வதற்கும் ஓர் எல்லை உண்டு. பிரபல தேங்காய் எண்ணெய் ஒன்றின் தூய்மையைக் கேள்விக்குள்ளாக்கிய யூடியூபர் ஒருவருக்கு எதிராக மாரிகோ நிறுவனம் வழக்குத் தொடுத்தது. அந்தக் காணொலியை நீக்குமாறு 2020 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மேல்முறையீட்டில் அந்த உத்தரவு தளர்த்தப்பட்டது. சமூக ஊடகச் செல்வாக்காளருக்குச் சாதாரண மனிதரை விடக் கூடுதல் பொறுப்புண்டு என்ற தனி நீதிபதியின் கருத்து இத்துறையில் இன்றும் பேசப்படுகிறது. 'எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்பது அனுபவம். 'இது கலப்படம்' என்பது குற்றச்சாட்டு. இரண்டாவதற்கு ஆதாரம் வேண்டும்.

அபராதம் யாருக்கு?

படைப்பாளர் பொருளாதாரத்துக்கென 100 கோடி டாலர் நிதியம் அமைக்கப்படும் என 2025 மார்ச்சில் மத்திய அரசு அறிவித்தது. ஊக்கம் தேவைதான். ஆனால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறான விளம்பரத்துக்கு உற்பத்தியாளருக்கும் பரிந்துரைப்பவருக்கும் ஒரே உச்சவரம்பை வைத்துள்ளது. முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் நிகழ்ந்தால் 50 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்கலாம். பரிந்துரைப்பவர் ஓராண்டு வரை, மறுமுறை எனில் மூன்றாண்டு வரை, விளம்பரங்களில் தோன்றத் தடையும் விதிக்கலாம். சட்டப் பிரிவையே நடத்தும் நிறுவனமும், அது அனுப்பிய 400 ரூபாய் க்ரீமைக் காட்டிய கல்லூரி மாணவியும் ஏட்டளவில் ஒரே வரம்புக்குள் வருகின்றனர். பார்சல் அனுப்பும் நிறுவனமே விதிகளின் சுருக்கத்தையும் ஆய்வுச் சான்றையும் உடன் இணைத்து அனுப்ப வேண்டும் என்று கட்டாயமாக்குவது நியாயமாக இருக்கும்.

அதுவரை புதியவருக்கு உள்ள காப்பு அதே சட்டத்தின் 21ஆவது பிரிவில் இருக்கிறது. விளம்பரத்தில் சொல்லப்படும் கூற்றின் உண்மைத்தன்மையை உரிய கவனத்துடன் சரிபார்த்த பரிந்துரையாளர் மீது அபராதம் விதிக்க இயலாது. சரிபார்த்ததைக் காட்ட எழுத்து வேண்டும். 'எட்டு வாரங்களில் கரும்புள்ளி மறையும் என்ற கூற்றுக்கு என்ன ஆய்வு உள்ளது? பொருளின் உரிம எண் என்ன?' என்று நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, வந்த பதிலைச் சேமித்து வைக்கலாம். பதில் வராவிட்டால், அந்தப் பொருளைக் காணொலியில் காட்டாமல் விட்டுவிடலாம்.