புண்ணை மறைக்க வைக்கும் ஏழு நாள்

சபுடெக்ஸ் மாத்திரையைச் சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்துப் பழைய ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், ஹெராயினை விட முயன்றவர்களுக்கு மருத்துவர்கள் எழுதித் தந்த மருந்து அது. நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விட வேண்டியதைப் பலர் ஊசியில் ஏற்றிக்கொண்டார்கள். டோர்மிக்கம் என்ற தூக்க மருந்தையும் அதோடு சேர்த்துக்கொண்டார்கள். புளோக் படிக்கட்டுகளிலும் பின்சந்துகளிலும் பயன்படுத்திய ஊசிகள் கிடந்த காலம் அது. 2006 ஆகஸ்ட் 14ஆம் தேதி அரசாங்கம் சபுடெக்ஸை ‘ஏ’ பிரிவுப் போதைப்பொருளாக அறிவித்தது. மருந்துச்சீட்டோடு வாங்கி வந்த பொருள் ஒரே நாளில் குற்றப்பொருளானது.

தடைக்குக் காரணம் இருந்தது. ஆனால் அதற்குள் உடம்புகளில் விழுந்துவிட்ட சேதத்தைத் தடையால் திருப்ப முடியவில்லை.

அந்தச் சேதம் எப்படிப்பட்டது என்பதைப் பொதுமக்கள் அதிகம் அறியார்கள். மாத்திரையில் மருந்து மட்டும் இல்லை, அதைக் கெட்டிப்படுத்தும் மாவும் இருக்கிறது. அந்த மாவு முழுதாகக் கரையாமல் மெல்லிய இரத்தக் குழாய்களை அடைக்கும். நாளம் தவறித் தமனிக்குள் ஊசி இறங்கினால் விரல்கள் கறுத்து அழுகும், வெட்டியெடுக்க வேண்டியும் வரும். கை நாளங்கள் சுருங்கிப் போனதும் சிலர் தொடை இடுக்கில் குத்திக்கொள்வார்கள். அங்கே தமனிச் சுவர் புண்ணாகி வீங்கி வெடித்தால் உயிருக்கே ஆபத்து. தோலில் இருக்கும் கிருமி ஊசி வழியே இதய வால்வில் போய்த் தங்கும், காய்ச்சல் வாரக்கணக்கில் விடாது. சிங்கப்பூர் மருத்துவமனைகளின் மருத்துவர்கள் அந்தக் காலகட்டத்திலேயே இவற்றை மருத்துவ இதழ்களில் பதிவு செய்திருக்கிறார்கள். ஊசியைப் பகிர்வதால் தொற்றும் ஹெபடைடிஸ் சி ஆண்டுக்கணக்கில் சத்தமின்றிக் கல்லீரலைத் தின்னும்.

இவற்றில் பெரும்பாலானவை தொடக்கத்தில் பார்த்தால் சமாளிக்கக்கூடியவை. புண்ணாக இருக்கும்போதே தாதி ஒருவர் கழுவிக் கட்டுப் போட்டு, மருத்துவர் ஆண்டிபயாட்டிக் தந்தால் பெரும்பாலும் போதும். ஹெபடைடிஸ் சி இன்று 8 முதல் 12 வாரம் மாத்திரை சாப்பிட்டால் 95 விழுக்காட்டுக்கு மேற்பட்டவர்களுக்குக் குணமாகிறது. அப்படியிருந்தும் ஒருவர் ஏன் கால் அழுகும்வரை வீட்டில் கிடக்க வேண்டும்?

பயம்தான். போதைப்பொருள் சட்டத்தின் கீழ் உள்ள விதிகளின்படி, தம்மிடம் வருபவர் போதைக்கு அடிமையானவர் என்று சந்தேகித்தாலே மருத்துவர் ஏழு நாளுக்குள் சுகாதார அமைச்சுக்கும் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவுக்கும் தெரிவித்தாக வேண்டும். போதைக்காக ஊசி வைத்திருந்தாலே 3 ஆண்டு வரை சிறையோ 10,000 வெள்ளி வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். ஊசித் தழும்போடு பலதுறை மருந்தகத்தின் கதவைத் தட்டுபவர் சிகிச்சையையும் கைதையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கிறார். கைது கனக்கிறது, வாசலோடு திரும்பிவிடுகிறார்.

கடுமையான சட்டத்தால் சிங்கப்பூர் பெற்ற நன்மையை மறுக்க முடியாது. போதைப்புழக்கத்துக்காக ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 பேர் கைதாகும் இந்நகரில், புதிய எச்ஐவி தொற்றுகளில் ஊசி வழி வருபவை மிகச் சொற்பம். 2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்திற்குப் பிறகு, வேறு குற்றம் எதுவும் செய்யாமல் போதை மட்டும் புழங்கியவர்கள் சிறைக்குப் பதில் போதை மறுவாழ்வு நிலையத்துக்கு அனுப்பப்படுகிறார்கள். இது நல்ல திருப்பம். ஆனால் வெளியே வந்த பிறகும் 5 ஆண்டு வரை கண்காணிப்பு, தவறாத சிறுநீர்ப் பரிசோதனை. அதற்கெல்லாம் விடுப்புத் தரும் முதலாளி எளிதில் அமைவதில்லை.

நம் சமூகத்துக்கு இது அடுத்த வீட்டுச் சங்கதி அல்ல. மக்கள்தொகையில் இந்தியர்கள் சுமார் 9 விழுக்காடு, கைதாகும் போதைப்புழங்கிகளிலோ நம் பங்கு அதைவிடக் கூடுதல். இந்து அறக்கட்டளை வாரியத்தின் ஆசிரமம் இடைநிலை இல்லம் போதையிலிருந்து மீள்பவர்களுக்காக நடக்கிறது. அங்கிருந்து வீடு திரும்புபவரைக் கல்யாண வீட்டுக்கு அழைக்காமல் விடுவதும், தங்கைக்கு வரன் பார்க்கும்போது அவரை ஒளித்து வைப்பதும் நாம் செய்யும் வேலை. அதற்குச் சட்டத்தைக் குறை சொல்ல முடியாது.

பாலத்துக்கு அந்தப் பக்கம் மலேசியா 2005இல் மெத்தடோன் சிகிச்சையையும் அடுத்த ஆண்டு ஊசி மாற்றுத் திட்டத்தையும் தொடங்கியது. முன்பு அந்நாட்டின் எச்ஐவி தொற்றுகளில் பெரும்பங்கு ஊசி வழி வந்தது, பிறகு அது சிறு பங்காகச் சுருங்கியது. இந்தியாவிலோ சபுடெக்ஸில் இருக்கும் அதே புப்ரெனார்ஃபினை அரசு மையங்களில் தாதியின் கண்முன்னே நாக்குக்கு அடியில் வைத்துத் தருகிறார்கள். மருந்து ஒன்றுதான். மாத்திரையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பியதில்தான் இங்கே பிழை நேர்ந்தது.

இந்த அளவுக்குச் சிங்கப்பூர் போக வேண்டும் என்று கேட்பது இப்போதைக்கு வீண் வாதமாகலாம். கேட்க வேண்டியது அதைவிடச் சிறியது, அதற்கு முன்மாதிரி தேக்காவிலிருந்து நடக்கும் தூரத்திலேயே உண்டு. 1988இல் தொடங்கிய ‘ஆக்‌ஷன் ஃபார் எய்ட்ஸ்’ அமைப்பு, ஜாலான் புசார் அருகே கிளந்தான் லேனில் பெயர் கேட்காமல் எச்ஐவி பரிசோதனை செய்யும் சேவையை ஆண்டுக்கணக்கில் நடத்தியது. பெயர் கேட்டால் ஆள் வரமாட்டார் என்பதைப் புரிந்துகொண்டு அரசாங்கம் அதற்கு இடம் கொடுத்தது. சட்டம் ஒன்றும் அதனால் தளர்ந்துவிடவில்லை.

ஊசிப் புண்ணுக்கும் ஹெபடைடிஸ் சி பரிசோதனைக்கும் அதே சலுகை வேண்டும். போதைப்பொருள் கடத்துபவரைப் பிடிக்கும் பொறுப்பு அதிகாரிகளிடமே இருக்கட்டும். கட்டுப் போட வருபவரின் பெயரை ஏழு நாளுக்குள் எழுதியனுப்பும் கடமையிலிருந்து மருத்துவர்களை அரசாங்கம் விடுவிக்க வேண்டும். வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், அவர் காலில் வீக்கமோ விடாத காய்ச்சலோ கண்டால், நாளை பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல் இன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.